காட்டுத்தீ பிடித்த தொர்வலினா

தொர்வலினாவுக்குக் காட்டுத்தீ பிடித்தபோது இடுப்பில் கைக்குழந்தை இருந்தது. எழுபதுகளின் நடுவில், மாத்தோ குரோசோ மாநிலத்தின் தெற்கே, ஒரு தோல் நோய்க்கு அதுதான் பேர். முதலில் நெஞ்சின் நடுவே காசு அளவில் ஒரு கொப்புளம் வந்தது. தொட்டால் உடைந்தது. சட்டையில் ஒட்டிக்கொண்டு, கழற்றும்போது தோலையும் கூட்டிக்கொண்டு போனது. பிறகு முகம், தலை, முதுகு என்று பரவியது. வெயிலில் நின்றால் மிளகாய் அரைத்துப் பூசினது போல் எரியும். நிழலுக்கு வந்தால் குளிர் தூக்கிப் போடும். வாய்க்குள் மட்டும் ஒன்றும் இல்லை. அதனால் அவளால் சாப்பிட முடிந்தது, எல்லோரையும் திட்டவும் முடிந்தது.

ஊர் சும்மா இருக்குமா? பிள்ளை பெற்ற உடம்போடு பன்றிக்கறி தின்றாள், அதனால் ரத்தம் கொதித்துவிட்டது என்றார்கள். தொட்டால் ஒட்டிக்கொள்ளும் என்றார்கள். இதைச் சொன்னவர்களில் ஒருத்தருக்காவது ஒட்டிக்கொண்டதா என்று கேட்க ஆளில்லை. மக்காச்சோளம் இடிக்க வருகிறவர்கள் வருவதை நிறுத்தியதும்தான் அவள் புருஷன் பெல்மீரோவுக்குப் பயம் பிடித்தது.

அவர்கள் பிழைப்பே இடிப்பதில்தான் இருந்தது. வீட்டுக்குப் பின்னால் பாறையிலிருந்து விழுகிற ஓடை. அது போடும் இரைச்சலுக்குச் சத்தக்கார ஓடை என்றே பேர். அந்த அருவியின் கீழே நீர் உலக்கை வைத்திருந்தார்கள். ஒரு பெரிய மரம், ஒரு முனையில் தொட்டி, மறுமுனையில் உலக்கை. தொட்டியில் தண்ணீர் நிரம்பினால் சாயும், உலக்கை எழும்பும். தண்ணீர் கொட்டிப் போனதும் உலக்கை சோளத்தின் மேல் தொம்மென்று விழும். ஆள் வேண்டாம், மாடு வேண்டாம். நாள் முழுக்க அது பாட்டுக்கு இடித்துக்கொண்டிருக்கும்.

பெல்மீரோவின் அக்கா ஓதிலாதான் வழி சொன்னாள்.

"எரியுது எரியுதுங்கிறா. எரியற உடம்பைத் தண்ணிப் பக்கம் போடாம அடுப்படியில போடுவியாடா? உலக்கைக் கொட்டகையில பாய விரிச்சுப் போடு. சாரல் அடிச்சாக் கொஞ்சம் அடங்கும்."

"பிள்ளை?"

"பிள்ளையை நான் பாத்துக்கறேன். இவ பாலு இனிமே ஆவாது."

ஓதிலா கெட்டவள் இல்லை. அந்தப் பக்கத்தில் காட்டுத்தீ கண்டவர்களை எல்லோரும் அப்படித்தான் செய்தார்கள். ஓடைக்கரையில் கொட்டகை போட்டு, துணி ஒட்டுகிறது என்று வாழையிலை விரித்து, அதில் கிடத்துவார்கள். இலை வழுவழுப்பாக இருப்பதால் தோல் ஒட்டாது. சாரல் பட்டால் எரிச்சல் அடங்கும். அடங்கவும் செய்தது. அதனால்தான் யாருக்கும் சந்தேகம் வரவில்லை.

கொட்டகையில் பகல் முழுக்க கூன் ஈ மொய்த்தது. எள்ளை விடக் கொஞ்சம் பெரிசு, முதுகு வளைந்திருக்கும். கடித்தால் தெரியாது. போன பிறகு ஊசிமுனை அளவு ரத்தப் பொட்டு நிற்கும். புண் நாற்றத்துக்கு ஈ வருகிறது என்றாள் ஓதிலா. தொர்வலினாவும் அப்படியே நம்பினாள். கையை அசைத்து ஓட்டக்கூடத் தெம்பில்லாமல், தோல் போன இடத்திலெல்லாம் ஈயைச் சுமந்துகொண்டு கிடந்தாள். மழைக்காலம் முடிவதற்குள் தலையிலிருந்து கால்வரை நல்ல தோல் என்று ஒரு கையகலம்கூட மிச்சமில்லை.

பாதிரியார் ஒருவர் பார்த்துவிட்டுச் சத்தம் போட்டார். பேருந்துக்காரன் ஏற்றமாட்டேன் என்றான். மாடு ஏற்றிப் போகும் லாரியில், வாழையிலையோடு சுருட்டி, நகரத்தில் இந்த நோய்க்கென்றே இருந்த மருத்துவமனைக்கு அனுப்பினார்கள். ஓதிலா பிள்ளையைத் தூரத்தில் நின்று தூக்கிக் காட்டினாள். பிள்ளையின் பேர் ஜசீரா. வெயில் கண்ணில் குத்தியதால் தொர்வலினாவுக்குச் சரியாகத் தெரியவில்லை.

மருத்துவமனையில் ஊதா நிற மருந்துத் தண்ணீர்க் குளியல், மாத்திரை, மறுபடி குளியல். வருஷக்கணக்கில் கிடந்தாள். பக்கத்துக் கட்டில்களில் எத்தனையோ பேர் வந்தார்கள். பாதிப் பேர் எழுந்து நடந்து போனார்கள், மற்றவர்களைத் தூக்கிக்கொண்டு போனார்கள். முகம் முதலில் தெளிந்தது. பிறகு கை, கடைசியாக முதுகு. பெல்மீரோ ஒரு தடவை வந்தான். உள்ளே வராமல் வாசலிலேயே ஒரு பை மாவை வைத்துவிட்டு, "இன்னும் கொஞ்ச நாள் போகட்டும்" என்றான். அடுத்த தடவை அவன் வரவில்லை, அவன் வேறொருத்தியோடு இருக்கிறான் என்ற சேதிதான் வந்தது. எரிகிற வீட்டில் பிடுங்கினது லாபம் என்று அந்தப் பொம்பளை நினைத்திருப்பாள். அவளும் அவனோடு ரொம்ப நாள் இருக்கவில்லை.

குணமானவர்களைக் கூட்டிப் போக வீட்டிலிருந்து யாரும் வராவிட்டால், மருத்துவமனையிலேயே ஏதாவது வேலை கொடுத்து வைத்துக்கொள்வது அங்கே வழக்கம். சமையல்காரி, தோட்டக்காரன், வாசல் காவல்காரன் எல்லோரும் ஒரு காலத்தில் வாழையிலையில் வந்து இறங்கியவர்கள்தான். தொர்வலினாவைக் குளியல் அறையில் போட்டார்கள். எந்தப் புண்ணில் எப்படித் தண்ணீர் ஊற்ற வேண்டும் என்று அவளுக்கு யாரும் கற்றுத்தர வேண்டியிருக்கவில்லை. கொஞ்சம் வாய்த் துடுக்கு. அழுகிறவர்களைப் பார்த்தால், "அழு, நல்லா அழு, உப்புத் தண்ணி புண்ணுக்கு நல்லதுதான்" என்பாள். அழுகிறவர்களுக்குச் சிரிப்பு வந்துவிடும்.

அப்படியே இருபது வருஷம் ஓடிவிட்டது. பெல்மீரோ மரம் விழுந்து செத்தான் என்று கேள்விப்பட்டாள். ஜசீராவுக்குக் கல்யாணம் ஆகிப் பிள்ளைகள் இருப்பதும் கேள்விதான்.

*

இவோனி என்று ஒரு டாக்டர் அப்போது புதிதாக வந்திருந்தாள். ஊர் ஊராகப் போய், நோயில்லாதவர்களிடமும் ரத்தம் எடுத்துச் சோதிக்கிற வேலை. போன இடத்திலெல்லாம் கதவைச் சாத்தினார்கள். அந்தப் பக்கத்து ஆள் ஒருத்தர் உடன் வந்தால் தேவலை என்று தொர்வலினாவிடம் வந்து நின்றாள். தொர்வலினா அப்போது ஒரு கிழவரைத் தொட்டியில் உட்கார வைத்துத் தண்ணீர் ஊற்றிக்கொண்டிருந்தாள்.

"வர்றேன் டாக்டரம்மா. ஆனா ஒண்ணு கேக்கணும். இந்தத் தீ எங்கேருந்துதான் வருது?"

"உன் ரத்தத்துலேருந்துதான்."

"நல்லா இருக்கே! நானே கொளுத்திக்கிட்டேங்கிறீங்களா?"

"ஒரு வகையில அப்படித்தான்" என்றாள் இவோனி. தொட்டி விளிம்பில் உட்கார்ந்துகொண்டாள். "உடம்புக்குள்ள காவக்காரங்க இருக்காங்க. வெளியேருந்து கிருமி வந்தா அடிச்சு விரட்டறது அவங்க வேலை. தோலு இருக்குல்ல, அது செங்கல் அடுக்கி நடுவுல பசை வெச்சு ஒட்டின மாதிரி. உன் காவக்காரங்க போயி அந்தப் பசையை அடிச்சாங்க. பசை விட்டுப்போனா செங்கல் நிக்குமா? உதிர்ந்து விழுந்துடுச்சு. அதுதான் கொப்புளம்."

"வேலியே பயிரை மேஞ்ச கதையா இருக்கே."

"அதேதான்."

"எதுக்கு அவனுங்களுக்கு அப்படிப் புத்தி கெட்டுப்போச்சு?"

"கூன் ஈ கடிக்குதுல்ல, அப்போ அதோட எச்சில் உள்ள போவுது. அந்த எச்சில்ல இருக்கற ஒரு சாமானும் நம்ம தோல்ல இருக்கற பசையும் ஜாடையில ஒண்ணு போல இருக்கும்னு நெனைக்கறோம். காவக்காரங்க எச்சிலைத் தேடித் தேடி அடிச்சுப் பழகிட்டாங்க. திரும்பத் திரும்பக் கடி விழுந்தா அவங்களுக்கு வெறி ஏறுது. கடைசியில ஆள் தெரியாம வீட்டுக்காரியையே பிடிச்சு அடிக்கறாங்க."

"நெனைக்கறோம்னா? நிச்சயமாத் தெரியாதா?"

"பாதி தெரியும். மீதியத் தெரிஞ்சுக்கத்தான் ரத்தம் கேக்கறேன்."

தொர்வலினா குவளையைக் கீழே வைத்தாள். சாரல், கொட்டகை, அசைக்க முடியாத கை, அதன் மேல் ஊர்ந்த ஈக்கள். குளிரட்டும் என்று கொண்டுபோய்ப் போட்டார்கள். கூன் ஈ விரைந்து ஓடுகிற தண்ணீரில்தான் குஞ்சு பொரிக்கும் என்று இவோனி சொல்லிக்கொண்டிருந்தது காதில் பாதிதான் விழுந்தது. எரிகிறவளைத் தூக்கி அடுப்புக்குள்ளேயே வைத்திருக்கிறார்கள்! காசு செலவில்லாமல் சூனியம் வைத்திருக்கிறார்கள்! அவளுக்கு ஓதிலாவின் கழுத்தை நெரிக்க வேண்டும் போலிருந்தது.

"அந்த ஓதிலாவையும்தான் கடிச்சுது. அவளுக்கு ஏன் வரலை?"

"எல்லா வீட்டுக் காவக்காரனும் இந்தத் தப்பைப் பண்றதில்லை. சில பேருக்குப் பிறக்கும்போதே அப்படி ஒரு வாகு. தாய் தகப்பன்கிட்டேருந்து ரத்தத்தோட வர்றது. ரத்தம் மட்டும் இருந்தா ஒண்ணும் ஆவாது, ஈயும் வேணும். ஈ மட்டும் இருந்தாலும் பெருசா ஒண்ணும் ஆவாது, ரத்தமும் வேணும்."

"தாய்கிட்டேருந்தா?"

"தாய்கிட்டேருந்தும் வரலாம்."

"நாளைக்கே சத்தக்கார ஓடைக்குப் போவோம்" என்றாள் தொர்வலினா. தொட்டியில் கிடந்த கிழவர் தண்ணீர் ஆறிப்போகிறது என்று முனகினார். அவள் கவனிக்கவில்லை.

*

நீர் உலக்கை அப்படியே இருந்தது. மரம் மட்டும் புதுசு. ஜசீரா வாசலில் சோளம் புடைத்துக்கொண்டிருந்தாள். நெற்றியும் மூக்கும் அசல் தொர்வலினா. ஆறு வயது நெய்தி பாவாடையைப் பிடித்துக்கொண்டு நின்றாள், தொட்டிலில் ஒரு குழந்தை. புருஷன் கரிச்சூளை வேலைக்கென்று போனவன் திரும்பி வரவில்லை. யார் வந்திருக்கிறார்கள் என்று மேட்டு வீட்டு ஓதிலா முன்னமே ஓடிவந்து சொல்லியிருந்தாள்.

"உக்காருங்க" என்றாள் ஜசீரா, யாரோ அரசாங்கத்து ஆளிடம் சொல்வது போல. காப்பி கொடுத்தாள். தொர்வலினா குடித்த குவளையைத் தனியாக எடுத்து வைத்தாள். தொர்வலினா அதைப் பார்த்தாள். பார்த்ததாகக் காட்டிக்கொள்ளவில்லை.

ரத்தம் கொடுக்க ஜசீரா மறுக்கவில்லை. தன்னுடையதும் நெய்தியுடையதும் கொடுத்தாள். "இதுக்காகத்தான் வந்தீங்களா?" என்று மட்டும் கேட்டாள். தொர்வலினா மகளின் கையைப் பார்த்தாள். அதில் வரிசையாக ரத்தப் பொட்டுகள் இருந்தன. நெய்தியின் காலிலும் இருந்தன.

முடிவு வந்தபோது இவோனி நேராகக் குளியல் அறைக்கே வந்துவிட்டாள். கொப்புளம் வருவதற்கு வருஷக்கணக்கு முன்னாலேயே ரத்தத்தில் தெரிந்துவிடுமாம். சிலருக்கு வெறுமனே தெரிந்துவிட்டுப் போய்விடும், நோயாக மாறாது. ஜசீராவுக்கு அளவு அதிகம், அதுவும் ஏறுகிற வகை. நெய்திக்குக் கொஞ்சம்தான், ஆனால் தொடங்கியிருக்கிறது.

"மருந்து குடுங்க."

"நோயே வராதவங்களுக்கு இந்த மருந்தைக் குடுக்க முடியாது. உனக்குத் தெரியாததா? காவக்காரனுக்குச் சாராயம் ஊத்திப் படுக்க வைக்கற மருந்து இது. அவன் படுத்துட்டா ஊர்ல இருக்கற திருடனெல்லாம் உள்ள வருவான். வயித்துப் பூச்சி நுரையீரல் வரைக்கும் ஏறி எத்தனை பேரு போனாங்க."

"அப்போ?"

"அந்த ஓடையை விட்டு வெளியே வரணும். கடி நின்னா அளவு இறங்கும். நெறையப் பேருக்கு இறங்கியிருக்கு."

ரத்தத்தை மாற்ற முடியாது. அதைக் கொடுத்தவளே அவள்தான். மிச்சமிருந்தது ஓடை ஒன்றுதான். தொர்வலினா மறுபடி பேருந்து ஏறினாள்.

ஜசீரா முழுக்கக் கேட்டுவிட்டுச் சிரித்தாள். நல்ல சிரிப்பு இல்லை.

"என்னை விட்டுட்டுப் போனவங்க, இப்ப வந்து என் வீட்டையும் விட்டுட்டுப் போங்கறீங்க."

"நான் விட்டுட்டுப் போகலைடி. என்னைச் சுருட்டி அனுப்பினாங்க."

"குணமான பெறகு?"

"குணமானாலும் தோலைப் பாத்தா அப்படித்தானே இருந்துச்சு. வந்திருந்தா அந்தக் குவளையில காப்பி குடுத்திருப்பீங்க, அவ்வளவுதான்."

ஜசீரா முகத்தைத் திருப்பிக்கொண்டாள். பிறகு உள்ளதைச் சொன்னாள். நிலத்துக்குப் பட்டா கிடையாது. மூன்று தலைமுறையாக இருக்கிறோம் என்பதுதான் உரிமை. அளந்து பட்டா கொடுக்க அரசாங்கத்து ஆட்கள் அடுத்த வறட்சிக்காலத்துக்குள் வருகிறார்கள். அவர்கள் வரும்போது வீட்டில் குடும்பத்து ஆள் இருக்க வேண்டும், அடுப்பு எரிய வேண்டும், காட்டில் பயிர் நிற்க வேண்டும். ஓதிலாவை மேட்டு வீட்டுக் கணக்கில்தான் சேர்ப்பார்கள். பக்கத்துப் பண்ணைக்காரரின் ஆள் திபூர்சியோ வாரத்துக்கு இரண்டு தடவை குதிரையில் வந்து எட்டிப் பார்த்துவிட்டுப் போகிறான். வீடு காலி என்று தெரிந்தால் அன்றைக்கே கம்பி வேலி போட்டுவிடுவான்.

"டவுன்ல போயி இந்தப் பிள்ளைங்களுக்கு எதைப் போடுவேன்? இந்த நிலம் ஒண்ணுதான் இவங்களுக்கு இருக்கு. கொப்புளம் வந்தா வரட்டும். பட்டினி இன்னைக்கே வரும்."

தொர்வலினா ஓடைப் பக்கம் பார்த்தாள். உலக்கை எழும்பி விழுந்தது.

"நான் குடும்பத்து ஆளுதானே?" என்றாள். "பெல்மீரோ என்னை அத்துவிடலையே. கோயில் ஏட்டுல இன்னும் நான்தான் அவன் பொண்டாட்டி. நீ பிள்ளைங்களைக் கூட்டிக்கிட்டு என் ரூமுக்குப் போ. என் வேலையை நீ பாரு, டாக்டரம்மாகிட்டச் சொல்லி வாங்கித் தர்றேன். இங்க நான் இருக்கேன்."

"உங்களைக் கடிக்காதா?"

"இந்தத் தோல்ல கடிக்க என்ன இருக்கு? ஈ வந்து பாத்துட்டு, சீன்னு போயிடும்."

*

இவோனி கேள்விப்பட்டு மேலும் கீழும் குதித்தாள். ஒரு தடவை எரிந்த உடம்பில் காவல்காரர்கள் மறந்திருக்க மாட்டார்கள், எச்சில் பட்டால் உடனே அடையாளம் கண்டுகொள்வார்கள் என்றாள். தொர்வலினா தலையாட்டினாள். "முழுக்கைச் சட்டை போட்டுக்கறேன், சாணிப் புகை போட்டுக்கறேன், கொப்புளம் ஒண்ணு வந்தாலும் ஓடி வந்துடறேன்" என்றாள். மூன்றில் முதல் இரண்டைத்தான் செய்தாள்.

தான் ஆடாவிட்டாலும் தன் சதை ஆடும் என்பார்கள். அவளுக்கோ சதையே தன்னை அடித்த சதை. அதைக் கொண்டு மகளுக்கு ஒரு காரியம் ஆகட்டும் என்று கணக்குப் போட்டாள். மகளிடம் ஒரு நிபந்தனை மட்டும் வைத்தாள்: பட்டா கைக்கு வரும்வரை இந்தப் பக்கம் வரக்கூடாது. சேதி வேண்டுமானால் ஓதிலா சந்தைக்கு வரும்போது சொல்லுவாள்.

வறட்சிக்காலம் முழுக்க நன்றாகத்தான் இருந்தாள். மரவள்ளி நட்டாள், சோளம் இடித்தாள். குளியல் அறையில் இத்தனை வருஷம் அடைந்து கிடந்த உடம்புக்கு வெயில் பிடித்திருந்தது. திபூர்சியோ குதிரையை நிறுத்தி, "என்ன, புதுக் காவலா?" என்று கேட்டால், "ஆமா, உன் முதலாளியை வரச்சொல்லு, காப்பி போட்டுத் தர்றேன், என் குவளையிலயே" என்பாள். காட்டுத்தீக்காரி என்பது அவனுக்குத் தெரியும். வாசற்படியை அவன் மிதித்ததே இல்லை. அளக்க வருகிறவர்கள்தான் வரவில்லை. மழைக்குப் பிறகு என்றார்கள்.

முதல் மழையோடு ஓடை பெருகியது. ஈயும் பெருகியது. ஒரு நாள் சட்டையைக் கழற்றும்போது, நெஞ்சின் நடுவில், பழைய இடத்திலேயே துணி ஒட்டியது.

அவள் உட்கார்ந்து அதையே பார்த்துக்கொண்டிருந்தாள். பயமாகத்தான் இருந்தது. அப்பட்டமான பயம். இருபது வருஷமாக அடுத்தவர்களுக்குத் தண்ணீர் ஊற்றினபோதெல்லாம் இந்த ஒரு கொப்புளத்தைப் பற்றித்தான் மனசுக்குள் பயந்துகொண்டிருந்தாள். எழுந்து போய்விடலாம். பேருந்து போகிற சாலை பக்கம்தான். போனால் அன்றைக்கே கம்பி வேலி வந்துவிடும், ஜசீரா பிள்ளைகளோடு திரும்பி இங்கேதான் ஓடி வருவாள். தொர்வலினா அடுப்பை ஊதிவிட்டுச் சோளம் அள்ளப் போனாள்.

ஓதிலாவின் கண்ணில் இருந்து தப்ப முடியவில்லை. மாவு வாங்க வந்தவள் முகத்தில் இருந்த செதிலைப் பார்த்ததும் வாயில் கைவைத்தாள்.

"அடியே, மறுபடியுமா?"

"கத்தாதீங்க அண்ணி. ஜசீராகிட்ட ஒரு வார்த்தை சொன்னீங்க, உங்களைக் கட்டிப் பிடிச்சு முத்தம் குடுத்துடுவேன்."

"சிரிக்கற நேரமா இது? பாவி, அன்னிக்கு நான்தானே உன்னை அந்தக் கொட்டகையில போடச் சொன்னேன்." ஓதிலா அழுதாள். "தெரியாமச் செஞ்சேன்டி. குளுகுளுன்னு இருக்கும்னுதான்..."

கழுத்தை நெரிக்க வேண்டும் என்று தொர்வலினாவுக்கு இருந்த கோபமெல்லாம் எங்கே போனதென்று தெரியவில்லை. கிழவி மூக்கைச் சிந்திக்கொண்டு நிற்பதைப் பார்க்க எரிச்சலாக மட்டும் இருந்தது. "குளுகுளுன்னுதான் இருந்துச்சு" என்றாள். "போங்க. போயி சாமி மேல சத்தியம் பண்ணிட்டு, வாயை மூடிக்கிட்டு இருங்க."

ஓதிலா சத்தியம் பண்ணினாள். தினமும் பயற்றஞ்சாறும் சோறும் கொண்டுவந்து கொடுத்தாள். விறகு வெட்டினாள், அடுப்பு மூட்டினாள். அளக்கிற ஆட்கள் அடுத்த மாதம் நிச்சயம் வருகிறார்கள் என்ற சேதியையும் அவள்தான் கொண்டுவந்தாள். அதற்குள் தொர்வலினாவால் துணி உடுத்த முடியவில்லை. குடிசைக்குள் இலை விரித்துப் படுத்துவிட்டாள். குதிரைச் சத்தம் கேட்டால் மட்டும், சுவரைப் பிடித்து எழுந்து, ஜன்னல் வழியாக முகம் தெரிகிற மாதிரி நின்று, "என்னடா, இன்னும் சாகலையா நீ?" என்று குரல் கொடுப்பாள். திபூர்சியோ போனதும் விழுந்துவிடுவாள்.

அடுத்த சந்தையில் ஜசீரா, "அவங்க எப்படி இருக்காங்க அத்தை?" என்று கேட்டாள். எப்போதும் கேட்கிற கேள்விதான். ஓதிலா, "நல்லா இருக்கா" என்று சொல்ல வாயைத் திறந்தாள், சத்தியத்தை மீறி அழுதுவிட்டாள்.

*

ஜசீரா ஒரு மாட்டு லாரியைப் பிடித்துக்கொண்டு வந்தாள். குடிசைக்குள் நுழைந்ததும் நாற்றம் அடித்தது. மூக்கை மூடவில்லை. குளியல் அறை வேலையில் பழகியிருந்தாள்.

"எதுக்குடி வந்தே? வரக்கூடாதுன்னு சொன்னேன்ல" என்றாள் தொர்வலினா இலையில் கிடந்தபடி.

"எந்திரி. வண்டி நிக்குது."

"அடுத்த மாசம் வர்றாங்கடி! ஒரு மாசம். அது வரைக்கும் எனக்கு உசுரு இருக்கும். நீ போ, ஈ கடிக்கும்."

"அந்த ஒரு மாசத்துல நீ செத்துருவே."

"செத்தா என்ன? பட்டா கைக்கு வந்துடும்ல?"

"வந்து? பட்டாவை வாங்கிக்கிட்டு நான் இங்க பிள்ளைங்களோட குடியேறணும். நெய்தி இந்த இலையில வந்து படுக்கணும். அதுக்குத்தானே இவ்வளவும்?" ஜசீரா இலைக்குப் பக்கத்தில் மண்டியிட்டாள். "இந்த நெலத்துல நம்ம ரத்தத்துல யாரு இருந்தாலும் வேகணும். இதை வெச்சுக்கிட்டு நான் என்ன பண்றது?"

தொர்வலினா இதை யோசித்திருக்கவில்லை. நிலம் இருந்தால் விற்கலாம், குத்தகைக்கு விடலாம் என்று ஏதோ சொல்லப் பார்த்தாள். ஜசீரா கேட்கவில்லை. இரண்டு கையையும் அடியில் கொடுத்துத் தூக்கினாள். தோல் அவள் முழங்கையில் ஒட்டிக்கொண்டு வந்தது. லாரிக்காரன் வேறு பக்கம் பார்த்தான். ஓதிலா தலைமாட்டில் இலையை மடித்து வைத்தாள்.

வழியெல்லாம் தொர்வலினா திட்டினாள். மூன்று தலைமுறை நிலத்தை ஒரு நாளில் தொலைத்துவிட்டாள், புத்தி கெட்டவள், பெல்மீரோவின் பிள்ளைதானே, வேறு எப்படி இருக்கும். மேட்டில் ஏறும்போது பின்னால் திபூர்சியோவும் இன்னும் இரண்டு பேரும் கம்பிச் சுருளை இறக்குவது தெரிந்தது. அதைப் பார்த்துவிட்டு இன்னும் பலமாகத் திட்டினாள்.

மருத்துவமனையில் கட்டில் கொடுத்தார்கள், மாத்திரை கொடுத்தார்கள். தினமும் காலையில் ஜசீராதான் குளிப்பாட்டினாள். குவளையை எந்தச் சாய்வில் பிடிக்க வேண்டும், துணியால் துடைக்காமல் எப்படி ஒற்றி எடுக்க வேண்டும் என்று சொல்லிக்கொடுத்துக்கொண்டே திட்டு தொடர்ந்தது. "ஒரு மாசம் பொறுத்திருந்தா..." என்று தொடங்கினால் குளியல் முடியும்வரை ஓயாது. அளக்கிற ஆட்கள் வந்து போனார்கள். நிலத்தைப் பண்ணைக்காரர் பேரில் எழுதிவிட்டார்கள் என்று சேதி வந்தது. அன்றைக்கு மகளிடம் பேசாமலே குளித்தாள். காவல்காரர்கள் மாத்திரையில் அசந்து கிடந்தார்கள். புண் ஆறத் தொடங்கியிருந்தது, ஆனால் இருமல் வந்திருந்தது. அந்த இருமல் எதில் முடியும் என்று தொர்வலினாவுக்குத் தெரியும். எத்தனையோ கட்டில்களில் கேட்டிருக்கிறாள்.

இரண்டு நாள் கழித்து ஜசீரா தண்ணீர் ஊற்றிக்கொண்டே சொன்னாள்.

"டாக்டரம்மா ரத்தம் பாத்தாங்க. எனக்குப் பாதிக்கு மேல இறங்கிருச்சாம்."

தொர்வலினா ஊதாத் தண்ணீரையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

"நெய்திக்கு?" என்றாள் கடைசியில்.

"நெய்தி ரத்தத்துல ஒண்ணுமே இல்லையாம். தேடித் தேடிப் பாத்தாங்களாம்."

தொர்வலினா தலையைத் தொட்டி விளிம்பில் சாய்த்துக்கொண்டாள். நெஞ்சு ஏறி ஏறி இறங்கியது. அழுகிறாளா இருமுகிறாளா என்று ஜசீராவுக்குத் தெரியவில்லை.

"அப்போ அந்த நெலம் போனா மயிரே போச்சு" என்றாள். "ஊத்து, தண்ணி ஆறுது."

அதற்குப் பிறகு நிலத்தைப் பற்றி அவள் ஒரு வார்த்தை பேசவில்லை. பேசுவதற்கு அதிக நாளும் கிடைக்கவில்லை. அந்த வாரக் கடைசியில் காய்ச்சல் கண்டு, நெய்தி பள்ளிக்கூடம் விட்டு வருவதற்குள் போய்ச் சேர்ந்துவிட்டாள்.